ஒரு கேமரா, ரெண்டு முதலாளி

அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. எங்கேன்னு ஞாபகம் இருக்காது, ஆனா பார்த்திருப்பீங்க. தெருவை அடைச்சுக்கிட்டு கறுப்பின ஆண்கள், தோளோடு தோள் ஒட்டி வரிசை வரிசையா நிற்கிறாங்க. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரே மாதிரி அட்டை. அதுல பெரிய எழுத்துல நாலே வார்த்தை. "ஐ ஆம் எ மேன்". நான் ஒரு மனுஷன். 'ஆம்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு.

1968 மார்ச் 28. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரம். குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். கிளேபார்ன் டெம்பிள் என்ற தேவாலயத்துக்கு வெளியே, ஊர்வலம் கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்த படம். எடுத்தவர் பேர் எர்னஸ்ட் விதர்ஸ். அவரும் கறுப்பர், அதே ஊர்க்காரர், அதே பீல் தெருவில் ஸ்டூடியோ வச்சிருந்தவர்.

இந்தப் படத்துக்கு இன்னொரு கதை இருக்கு. அது 42 வருஷம் கழிச்சு, அவர் செத்துப்போன பிறகுதான் வெளியே வந்தது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மொதல்ல மனுஷரைப் பத்தி. 1922ல் மெம்ஃபிஸில் பிறந்தவர். ரெண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தப்போ போட்டோ கத்துக்கிட்டார். திரும்பி வந்து 1948ல் போலீஸ் வேலை! மெம்ஃபிஸ் போலீஸில் அந்த வருஷம் சேர்த்த ஒன்பது கறுப்பின காவலர்களில் ஒருத்தர். யூனிபாரம் உண்டு, லத்தி உண்டு, ஆனா வெள்ளைக்காரனைக் கைது பண்ற அதிகாரம் கிடையாது. 1951ல் சாராய விவகாரம் ஒன்றைக் காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அப்புறம் முழுநேர போட்டோ. கல்யாணம், காதுகுத்து மாதிரியான குடும்பப் படங்கள், கறுப்பர்களின் பேஸ்பால் ஆட்டங்கள், பீல் தெரு பாட்டுக் கச்சேரிகள், சாவு வீடு, எல்லாம். பி.பி.கிங்கும் எல்விஸும் ஒண்ணா நிற்கிற படம் பார்த்திருக்கீங்களா? அதுவும் இவர் எடுத்ததுதான். எட்டுப் பிள்ளைகள் வேற. வாழ்நாளில் எடுத்தது பத்து லட்சம் படத்தைத் தாண்டும்னு கணக்கு சொல்றாங்க.

சும்மா ஸ்டூடியோக்காரரா இருந்திருந்தா நான் ஏன் எழுதறேன்? 1955ல் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு லீவுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயசுப் பையனை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் துடுக்காப் பேசினான்னு சொல்லிக் கடத்திட்டுப் போய் அடிச்சுக் கொன்னாங்க. வழக்கு சம்னர் என்ற சின்ன ஊரில் நடந்தது. கோர்ட் நடக்கும்போது படம் எடுக்கக்கூடாதுன்னு நீதிபதி உத்தரவு. பையனின் பெரிய தாத்தா மோசஸ் ரைட் சாட்சிக்கூண்டில் எழுந்து நின்னு, கடத்தினது இவன்தான்னு வெள்ளைக்காரக் குற்றவாளியை நோக்கி விரலை நீட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிக் கை நீட்டறதுன்னா உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு நீட்டறதுதான். சாட்சி சொன்ன கையோடு அவர் ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியை, தடையை மீறிப் படம் பிடிச்சவர் விதர்ஸ். ஜூரி முழுக்க வெள்ளைக்காரர்கள், எல்லாரும் ஆண்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பேசிட்டு, குற்றவாளி இல்லைன்னு சொல்லிட்டாங்க. விதர்ஸ் அந்த வழக்குப் படங்களைச் சேர்த்து சின்னப் புத்தகமாப் போட்டு ஒரு டாலருக்கு வித்தார்.

அடுத்த வருஷக் கடைசியில், மான்ட்கோமரியில் பஸ் புறக்கணிப்பு ஜெயிச்சு, மார்ட்டின் லூதர் கிங் முதல்முறையா இஷ்டப்பட்ட சீட்டில் உட்கார்ந்து போறப்போ, அந்த பஸ்ஸிலும் விதர்ஸ். 1957ல் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ராணுவப் பாதுகாப்போடு போனப்போ அங்கேயும் விதர்ஸ். 1963ல் மெட்கர் எவர்ஸ் சுடப்பட்டு ஜாக்சனில் சவ ஊர்வலம் போனப்போ போலீஸ்கிட்ட அடியும் வாங்கினார். எங்கே போராட்டமோ அங்கே இந்த மனுஷர் இருப்பார். தலைவர்கள் ஆலோசனை நடத்தும் அறைக்குள்ளே கதவைத் தட்டாமல் போகலாம். யாரும் என்ன ஏதுன்னு கேட்க மாட்டாங்க. நம்ம விதர்ஸ் அண்ணன்தானே!

இப்ப திரும்ப 1968க்கு வருவோம்.

பிப்ரவரி 1ஆம் தேதி, செம மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு குப்பைத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாங்க. குப்பையை நசுக்கும் எந்திரம் தானா ஓட ஆரம்பிச்சு ரெண்டு பேரையும் உள்ளே இழுத்துடுச்சு. வெள்ளைக்காரங்க வீட்டு வாசலில் ஒதுங்க அவங்களுக்கு அனுமதி இல்லை, அதான் லாரிக்குள் ஒதுங்கினாங்க. நகராட்சி கொடுத்தது ஒரு மாசச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும். பிப்ரவரி 12ல் சுமார் 1,300 பேர் வேலைக்கு வரலை. மேயர் ஹென்றி லோப், இது சட்டவிரோதம், சங்கத்தோடு பேச்சே கிடையாதுன்னுட்டார்.

அந்த அட்டை வாசகத்துக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கத் தெற்குல அம்பது வயசுக் கறுப்பரையும் 'பாய்'னுதான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல தாடி நரைச்ச பண்ணையாளை, பண்ணையார் வீட்டுப் பொடிப்பையன் 'டேய்'னு கூப்பிட்ட கதைகள் உங்களுக்கும் தெரியும். அதுக்குப் பதில்தான் அந்த நாலு வார்த்தை. சம்பளம், சங்கம் எல்லாம் அதுக்கப்புறம்.

போராட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கினவர் ஜேம்ஸ் லாசன் என்ற பாதிரியார். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950களில் மூணு வருஷம் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்துக்கிட்டே காந்தியின் வழிமுறைகளைக் கத்துக்கிட்டுப் போனவர். 2024ல்தான் இறந்தார். அவர்தான் கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைச்சார்.

மார்ச் 28 ஊர்வலம் பாதியிலேயே கெட்டுப்போச்சு. பின்னால் வந்த கூட்டத்தில் சில பசங்க அட்டையைப் பிடிக்கிற குச்சியாலேயே பீல் தெருக் கடைக் கண்ணாடிகளை உடைச்சாங்க. போலீஸ் கண்ணீர்ப்புகையும் தடியுமா இறங்கினாங்க. லாரி பெய்ன் என்ற 16 வயசுப் பையன் போலீஸ் சுட்டுச் செத்தான். தேசியக் காவல்படை தெருவுக்கு வந்தது. (அந்தக் குச்சிகளை அறுக்க ரம்பம் ஏற்பாடு பண்ணினதில் தனக்கும் பங்கு உண்டுன்னு விதர்ஸே பின்னாடி பேட்டியில் சொல்லியிருக்கார். ஊர்வலத்தைப் படம் எடுக்கப் போனவர் ஊர்வலத்துக்குக் குச்சியும் வெட்டிக் கொடுக்கிறார். பத்திரிகைக்காரர் எங்கே முடியறார், போராட்டக்காரர் எங்கே தொடங்கறார்னு சொல்ல முடியாத காலம்.)

தான் நடத்தின ஊர்வலம் வன்முறையில் முடிஞ்சதுன்னு பேர் வந்துடக்கூடாதுன்னு கிங் திரும்ப மெம்ஃபிஸ் வந்தார். லோரைன் மோட்டல், 306ஆம் நம்பர் அறை. ஏப்ரல் 4, சாயங்காலம் 6 மணி 1 நிமிஷம். பால்கனியில் நின்னவரைச் சுட்டாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சுத்திமுத்திப் பார்க்கணும். மோட்டலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தீயணைப்பு நிலையம். அதன் ஜன்னலில் காகிதத்தை ஒட்டி, பார்க்கிற அளவுக்கு ஓட்டை போட்டு, அங்கிருந்து போலீஸ் மோட்டலை வேவு பார்த்துக்கிட்டு இருந்தது. கீழே முற்றத்தில், 'இன்வேடர்ஸ்' என்ற கறுப்பின இளைஞர் குழுவைச் சேர்ந்த மரல் மெக்கல்லோ. குண்டு சத்தம் கேட்டதும் படியேறி ஓடி, கிங் பக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தர். அடிபட்ட இடத்தில் துண்டை வச்சு அழுத்தினார். அவர் உண்மையில் மெம்ஃபிஸ் போலீஸ்காரர். அந்தக் குழுவுக்குள் வேவு பார்க்க அனுப்பப்பட்டவர். கையில் கார் இருந்ததால் குழுவில் போக்குவரத்துப் பொறுப்பே அவர்கிட்டதான்!

அதே மோட்டலில் ஜோசப் லோ என்ற தென்னாப்பிரிக்கர் தங்கியிருந்தார். டிவிக்காக கிங்கைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்க வந்தவர். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து கேமராவை எடுத்தார். பால்கனியில் கிங் விழுந்து கிடக்க, பக்கத்தில் நிற்கிறவங்க எல்லாம் குண்டு வந்த திசையை நோக்கிக் கை நீட்டுற படம். உலகமே பார்த்த படம். அதில் கிங்குக்குப் பக்கத்தில் குனிஞ்சு மண்டியிட்டிருக்கிற ஆள்தான் மெக்கல்லோ.

லோ அந்த பிலிமை எங்கே போய்க் கழுவினார் தெரியுமா? பீல் தெருவில், எர்னஸ்ட் விதர்ஸ் ஸ்டூடியோவில்.

போலீஸ் உளவாளி மண்டியிட்டிருக்கிற படத்தை, எஃப்.பி.ஐ. உளவாளியின் இருட்டறையில் கழுவி எடுத்திருக்காங்க. ஆமாங்க. விதர்ஸ் எஃப்.பி.ஐ.யின் இன்பார்மர். நம்பர் எம்.ஈ. 338-ஆர். எம்.ஈ.ன்னா மெம்ஃபிஸ், ஆர்னா இன விவகாரம்.

கதை எழுதறவன் இப்படி எழுதினா 'ரொம்ப ஓவர்'னு சொல்லிடுவோம்.

இது எப்படி வெளியே வந்ததுங்கறது தனிச் சுவாரசியம். மெம்ஃபிஸின் கமர்ஷியல் அப்பீல் பத்திரிகையில் மார்க் பெருஸ்கியான்னு ஒரு நிருபர். 1997ல் ஓய்வுபெற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் அவர் காதில் விஷயத்தைப் போட்டார். ஆனா கையில் ஆதாரம் இல்லை, எழுத முடியலை. 2007ல் விதர்ஸ் 85ஆவது வயசில் இறந்தார். பெரிய அஞ்சலி, புகழ்மாலை. அதுக்கப்புறம் நிருபர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். (நமக்கு 2005ல் வந்த சட்டம், அங்கே 1966லயே வந்துடுச்சு.) எஃப்.பி.ஐ. உளவுக் கோப்பைக் கொடுக்கலை. வேற ஒரு பழைய கோப்பைக் கொடுத்தது. 1970களில் விதர்ஸ் மாநில மதுவிலக்கு அதிகாரியா இருந்தப்போ ஒரு லஞ்ச வழக்கில் மாட்டித் தண்டனை வாங்கினார், அந்தக் கோப்பு. பக்கம் பக்கமா கறுப்பு மை பூசித்தான் கொடுத்தாங்க. ஆனா மை பூசின ஆள் ஒரு இடத்தை விட்டுட்டார். விதர்ஸ் முன்பு எம்.ஈ. 338-ஆர் என்ற நம்பரில் இருந்தவர்னு ஒரு வரி. அவ்வளவுதான்! அந்த நம்பரை வச்சுக்கிட்டு, ஏற்கனவே வெளியான 1968 அறிக்கைகளைப் புரட்டினா வரிசையா வருது. 338-ஆர் சொன்னார், 338-ஆர் கொடுத்தார், 338-ஆர் அடையாளம் காட்டினார்...

2010 செப்டம்பரில் செய்தி வந்தது. எஃப்.பி.ஐ. அப்பவும் வாயைத் திறக்கலை. பத்திரிகை வழக்குப் போட்டது. 2012ல் நீதிபதி, நீங்க கொடுத்த காகிதமே ஒப்புக்கொண்ட மாதிரிதான்னு சொல்லிட்டார். 2013ல் சமரசம். கோப்புகள் வெளியே வந்தன. வழக்குச் செலவுக்கு 1,86,000 டாலரை எஃப்.பி.ஐ. கட்ட வேண்டியதாச்சு.

சரி, என்னதான் கொடுத்தார் விதர்ஸ்? கிங்கைக் கொல்ல உதவினார்னு எல்லாம் யாரும் சொல்லலை, கோப்பிலும் அப்படி இல்லை. அவர் கொடுத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். கூட்டத்துக்கு வந்தவங்க படம். படத்தில் இருக்கிறவர் பேர். கார் நம்பர். போன் நம்பர். யார் எங்கே வேலை செய்றாங்க, எந்தப் பாதிரியார் போராட்டத்துக்கு ஆதரவு, யார் நோட்டீஸ் கொடுத்தாங்க. ஏப்ரல் 3ஆம் தேதி, அதாவது சாவுக்கு முந்தின நாள், கிங் இளைஞர் குழுவோடு பேசின பேச்சைப் பத்தித் தகவல். அதைவிட எனக்கு உறைச்சது இது. அட்லாண்டாவில் கிங் அடக்கத்துக்குப் போயிட்டு வந்து, அங்கே காதில் விழுந்ததையும் ஒப்பிச்சிருக்கார். ஊர்வலத்தில் கலவரம் வரக் காரணம்னு சொல்லப்பட்ட ரெண்டு ஊழியர்கள் திரும்ப மெம்ஃபிஸ் வரப் போறாங்கன்னு. அழுதுட்டிருக்கிற வீட்டுக்குப் போய் ஆள்கணக்கு எடுத்துட்டு வர்ற மாதிரி.

இவரை வச்சுக்கிட்டிருந்த அதிகாரி வில்லியம் லாரன்ஸ். சாமர்த்தியசாலி. விதர்ஸை 'உளவு பார்'னு சொல்லத் தேவையே இல்லை. அவர் எடுக்கிற படத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கலாம். போட்டோகிராபர் படம் விக்கிறது தப்பா? பத்திரிகைக்கும் விக்கிறார், கல்யாண வீட்டுக்கும் விக்கிறார், இவருக்கும் விக்கிறார். இங்கேதான் விஷயமே இருக்கு. ஒரே நெகட்டிவ்தான். பத்திரிகை ஆசிரியர் மேசைக்குப் போனா அது செய்தி. லாரன்ஸ் மேசைக்குப் போனா, முகத்துக்கு மேலே நம்பர் போட்டு, பின்னாடி பேர் எழுதி, அது ஆள்காட்டி. கேமராவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கேமராவுக்கு முன்னாடி நிற்கிறவனுக்கு ஒண்ணு இல்லை.

ஏன் செஞ்சார்? செத்தவரைக் கேட்க முடியாது. எட்டுப் பிள்ளைகள், ஸ்டூடியோ வருமானம் இழுபறி. பழைய போலீஸ்காரர், சீருடையோடு பேசிப் பழகினவர். கம்யூனிஸ்ட்டுகள் இயக்கத்துக்குள் நுழைஞ்சுட்டாங்கன்னு அரசாங்கம் கிளப்பிவிட்ட பயத்தை நம்பியிருக்கலாம். துப்பாக்கி பத்திப் பேசுற இளைஞர் குழுவைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஒரு வெள்ளைக்கார எஃப்.பி.ஐ. அதிகாரி வந்து பேசினா, 1960களின் மெம்ஃபிஸில் ஒரு கறுப்பர் 'முடியாது, போய்யா'ன்னு சொல்லிட முடியுமாங்கிறதையும் யோசிக்கணும். உயிரோடு இருந்தப்போ ஒரு பேட்டியில், எஃப்.பி.ஐ. ஆட்கள் எப்பவும் தன் பின்னாடியே இருந்தாங்க, அதனால் பெரிய ரகசியம் எதையும் தெரிஞ்சுக்காமல் பார்த்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கார். இப்பத் திரும்பப் படிச்சா பாதி வாக்குமூலம் மாதிரி இருக்கு.

விஷயம் வெளியானதும் கிங்கோடு கூட இருந்த ஆண்ட்ரூ யங், எங்ககிட்ட ஒளிக்க எதுவும் இருக்கலை, எனக்கு வருத்தமில்லைங்கற தொனியில் பேசினார். டிக் கிரிகரி, யூதாஸ்னு திட்டினார். விதர்ஸ் குடும்பம் முதலில் நம்பவே மறுத்தது.

யங் சொல்றதில் நியாயம் இருக்கு. பகிரங்கமா நடந்த அறப்போராட்டம்தான். ஆனா எனக்கு அது முழுசா ஒத்து வரலை. யங் பெரிய தலைவர், பின்னாடி மேயர், தூதர் எல்லாம் ஆனவர். அவர் பேர் கோப்பில் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நோட்டீஸ் கொடுத்த பொண்ணு, ஊர்வலத்துக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தின வாத்தியார், இவங்க நிலைமை வேற. கார் நம்பரை வச்சு வேலை செய்ற இடத்துக்கு ஒரு போன் போட்டா போதும், பிழைப்பு போச்சு. அவங்க விதர்ஸ் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கலை. ஏன்னா அது நம்ம ஆள் கேமரா. எஃப்.பி.ஐ. காசு கொடுத்து வாங்கினது படத்தை இல்லை, அந்த 'நம்ம ஆளு'ங்கற நம்பிக்கையை.

இது விதர்ஸ் ஒருத்தரோடு நிற்கலை. அந்த வருஷங்களில் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவு ஆட்கள் டிவி நிருபர் வேஷத்தில் கேமரா தூக்கிட்டுப் போராட்டங்களுக்குள் போயிருக்காங்க. இதெல்லாம் தெரிய வந்தா என்ன ஆகும்? அடுத்த ஊர்வலத்தில் உண்மையான போட்டோகிராபர் வந்தாலும் 'இவன் யாரு, போலீஸா'ன்னு கல்லெறிவாங்க. போட்டோகிராபரை ஒரு பக்கம் போலீஸ் அடிக்கும், இன்னொரு பக்கம் கூட்டம் அடிக்கும்.

இதே காலத்தில் இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் இருந்தார். அவரும் கறுப்பினப் பத்திரிகையாளர், அவரும் அந்த ஏப்ரல் 4 அன்னிக்கு அதே லோரைன் மோட்டலில் தங்கியிருந்தவர். நியூயார்க் டைம்ஸ் நிருபர் எர்ல் கால்ட்வெல். கிங் சுடப்பட்ட செய்தியை அங்கிருந்தே கொடுத்தவர். அப்புறம் கலிபோர்னியா போய் பிளாக் பாந்தர் கட்சியைப் பத்தி எழுதினார். அவங்க வீட்டுக்குள்ளேயே போய் வர்ற அளவுக்கு நம்பிக்கை. எஃப்.பி.ஐ. விடுமா? நீ பார்க்கிறதை எங்களுக்கும் சொல்லேன்னு போன் மேல போன். மாட்டேன்னார். பேசாவிட்டால் கோர்ட்டில் வந்து பேசுவேன்னு மிரட்டல். 1970ல் சம்மனே வந்துடுச்சு, பெருநடுவர் குழு முன்னாடி வந்து சாட்சி சொல்லணும், குறிப்பு, ஒலிநாடா எல்லாம் கொண்டுவரணும்னு.

கால்ட்வெல் ஒரு படி மேலே போனார். பதில் சொல்றது இருக்கட்டும், உள்ளேயே போக மாட்டேன்னார். காரணம் ரொம்ப எளிமையானது. பெருநடுவர் குழு விசாரணை மூடின கதவுக்குள் நடக்கும். உள்ளே போயிட்டு வெளியே வந்து 'நான் ஒண்ணும் சொல்லலை'ன்னா எவன் நம்புவான்? அப்புறம் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. கீழ் நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே நின்னது. 1972ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராத் தீர்ப்பு சொன்னது. பத்திரிகையாளர்னா சாட்சி சொல்றதிலிருந்து தனி விலக்கு கிடையாதாம். அதுக்குள் அந்தக் குழுவின் காலம் முடிஞ்சு போனதால் அவர் ஜெயிலுக்குப் போகலை. தோத்த வழக்குதான். ஆனா அவர் வழக்கை ஒட்டித்தான் 1970ல் நிருபர்கள் கூடித் தங்களுக்குன்னு ஒரு சட்டப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினாங்க.

கால்ட்வெல்லுக்குப் பின்னாடி நியூயார்க் டைம்ஸ் இருந்தது, வக்கீல்கள் இருந்தாங்க. விதர்ஸுக்கு யார் இருந்தா? பத்து டாலர், பதினஞ்சு டாலர்னு கறுப்பினப் பத்திரிகைகளுக்குப் படம் வித்துப் பிழைச்ச ஃப்ரீலான்ஸ் ஆள். இதைச் சொல்றது அவரை விடுவிக்க இல்லை. 'முடியாது'ன்னு சொல்றதுக்கும் ஒரு வசதி வேண்டியிருக்கு. பத்திரிகைச் சுதந்திரம்னு பேசறவங்க பெரிய பத்திரிகைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கிட்டு, தெருவில் தனியா நிற்கிற ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபரை மறந்துடறாங்க.

அப்ப அந்தப் படம்? அதைச் சுவத்திலிருந்து கழட்டிடலாமா? என் கட்சி, கூடாது. மோசஸ் ரைட்டின் விரலும் அந்த அட்டைகளும் விதர்ஸுக்குச் சொந்தமில்லை. அவர் பட்டனை அமுக்கினார், நின்னது அவங்க. ஆனா படத்துக்குக் கீழே போடுற குறிப்பில் 'இயக்கத்தின் புகைப்படக்காரர்'னு மட்டும் போட்டு நிறுத்தறதும் சரியில்லை.

இதில் மெம்ஃபிஸ் போலீஸ் பங்கும் ஒண்ணு இருக்கு. எஃப்.பி.ஐ. தனியா, அவங்க தனியா கோப்பு போட்டு வச்சிருந்தாங்க. 1976ல் சிவில் உரிமைச் சங்கம் அந்தக் கோப்புகளைக் கேட்டு நீதிமன்றம் போகுதுன்னு தெரிஞ்சதும், நகராட்சி என்ன செஞ்சது? மொத்தத்தையும் கொளுத்திடுச்சு! ஆனாலும் வழக்கு விடலை. 1978ல் நகராட்சி ஒரு ஒப்பந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டியதாச்சு. அமெரிக்காவில் இந்த மாதிரி முதல் ஏற்பாடு. அரசியல் வேவு கூடாது. சட்டப்படி நடக்கிற கூட்டத்திலோ ஊர்வலத்திலோ பதிவு வச்சுக்கிறதுக்காக வந்தவங்களைப் படம் எடுக்கக் கூடாது, பேர் எழுதக் கூடாது, கார் நம்பர் குறிக்கக் கூடாது. விதர்ஸ் பேர் வெளியே வர இன்னும் 32 வருஷம் இருந்தப்போ, அவர் செஞ்ச வேலையை அப்படியே பட்டியல் போட்ட மாதிரி ஒரு தீர்ப்பு.

வேலைநிறுத்தம் 1968 ஏப்ரல் 16ல் முடிஞ்சது, நகராட்சி சங்கத்தை ஏத்துக்கிச்சு. லோரைன் மோட்டல் இப்ப அருங்காட்சியகம். 2011ல் பீல் தெருவில் விதர்ஸ் படங்களுக்கும் ஒரு அருங்காட்சியகம் திறந்தாங்க. அந்த ஊர்வலம் கிளம்பின கிளேபார்ன் டெம்பிள் 2025 ஏப்ரலில் தீப்பிடிச்சு இடிஞ்சு போச்சு.

1978 தீர்ப்பு? அதுவும் திரும்ப நீதிமன்றம் வந்தது. 2017ல் சிவில் உரிமைச் சங்கம் வழக்குப் போட, 2018 அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி, மெம்ஃபிஸ் போலீஸ் அந்தத் தீர்ப்பை மீறியிருக்குன்னு சொன்னார். 'கறுப்பர் உயிரும் உயிரே' போராட்டக்காரர்களைப் போலீஸ் ஃபேஸ்புக்கில் 'பாப் ஸ்மித்' என்ற போலிப் பேரில் நட்பாக்கிக்கிட்டு வேவு பார்த்திருக்கு. கேமராக்காரர் யாரையும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. படத்தை அவங்களே எடுத்து, பேரையும் அவங்களே போட்டு வச்சிருந்தாங்க. பாப் ஸ்மித் பார்த்துக்கிட்டார்.

1976 சோவெட்டோவில் எடுத்த பிலிமைப் போலீஸ் கண்ணில் படாமல் காலுறைக்குள் ஒளிச்சுக் கொண்டுவந்த சாம் ந்சீமா பத்தியும் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏற்கனவே இது நீண்டு போச்சு. அதுக்குத் தனிப் பதிவு போடறேன், நேரம் கிடைக்கணும் :-)